பெட்டியை மூடுகிறார்கள்: 25 ஆண்டு அஞ்சல்களை எங்கே கொண்டுபோவது?

பிப்ரவரி 3, மாலை (கேள்வி)

இணைய இணைப்போடு சேர்த்துக் கொடுத்த மின்னஞ்சல் சேவையை ஏப்ரல் 30ஆம் தேதியோடு நிறுத்துகிறார்களாம். புதிதாக ஒரு ஜிமெயில் முகவரி திறந்து, பழைய பெட்டிக்கு வருவதையெல்லாம் அதற்குத் திருப்பிவிட்டால் போதும்தானே? வேறு என்ன செய்ய வேண்டியிருக்கிறது?

பிப்ரவரி 3, இரவு

போதாது. எனக்கும் அதே அறிவிப்பு வந்திருக்கிறது. அதே தேதி. இந்த முகவரியை 2000ஆம் ஆண்டிலிருந்து வைத்திருக்கிறேன். அறிவிப்பை நான்கு முறை படித்தேன். "உங்கள் அஞ்சல்களை நகலெடுத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரியைத் தவிர உருப்படியான தகவல் எதுவும் அதில் இல்லை.

திருப்பிவிடும் வேலையைச் செய்வது பழைய சர்வர்தான். அதை அணைத்ததும் திருப்பிவிடுவதும் நின்றுவிடும். மே 1ஆம் தேதி உங்களுக்கு எழுதுகிறவருக்கு, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று பதில் போகும்.

நான் இதை மூன்று வேலையாகப் பார்க்கிறேன். ஏற்கெனவே பெட்டியில் கிடக்கும் அஞ்சல்கள் ஒன்று. இனி வரப்போகும் அஞ்சல்கள் இன்னொன்று. அந்த முகவரியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் கணக்குகள் மூன்றாவது: வங்கி, காப்பீடு, தொலைபேசி, வாங்கி விற்கும் தளங்கள், எல்லாமும். எல்லோரும் முதல் வேலையை நினைத்துப் பதறுகிறார்கள். எனக்கு மூன்றாவதுதான் பயம். அஞ்சல்களை நகலெடுக்க ஒரு சனி ஞாயிறு போதும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 4

"பாப் வழியாக இறக்கிக்கொள்ளலாமா, ஐமேப் வேண்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஐமேப். இரண்டு முறை யோசிக்காதீர்கள்.

இரண்டும் சர்வரில் உள்ள அஞ்சலைச் செயலி பெற்றுக்கொள்ளும் முறைகள். பாப் 1984இல் வந்தது. கணினி சில நிமிடங்கள் மட்டும் தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்பில் இருந்த காலத்துக்கான ஏற்பாடு அது. வா, வந்ததை அள்ளிக்கொள், போ. அதனால் அதற்குத் தெரிந்தது உள்பெட்டி ஒன்றுதான். நீங்கள் அனுப்பியவை, நீங்களாகப் பிரித்து வைத்த கோப்புறைகள் எதுவும் அதன் கண்ணில் படாது. ஐமேப்பை 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கினார். அஞ்சல் சர்வரிலேயே இருக்கும், கோப்புறைகளும் அங்கேயே இருக்கும், எந்தக் கணினியிலிருந்தும் பார்க்கலாம் என்பது அதன் அடிப்படை. முழுப் பெட்டியையும் இடம் மாற்ற அதுதான் வழி. செயலி இணைப்பு எண்ணை (போர்ட்) கேட்டால் 993 கொடுங்கள். அது மறையாக்கம் செய்த ஐமேப் இணைப்புக்கானது.

ஜிமெயிலே பழைய பெட்டியிலிருந்து பாப் மூலம் எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருந்ததே என்று சிலர் நினைவுபடுத்தினார்கள். அதை 2026இல் நிறுத்திக்கொள்வதாகக் கூகுள் அறிவித்துவிட்டது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பிப்ரவரி 7

முதல் முயற்சி. தண்டர்பேர்டு என்ற அஞ்சல் செயலியில் பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் அருகருகே திறந்தேன். இந்தக் கோப்புறையில் பிடித்து அந்தக் கோப்புறையில் விடுவதுதான் வேலை. "நகர்த்து" என்பதைத் தொடவே கூடாது, "நகலெடு" மட்டும். நகர்த்தும்போது பாதியில் இணைப்பு அறுந்தால் எது அங்கே இருக்கிறது, எது இங்கே வந்தது என்று தேடி அலைய வேண்டியிருக்கும்.

புதுக் கணக்கு ஜிமெயில் என்றால் ஒரு சிறு தடை உண்டு. சில செயலிகள் உங்கள் வழக்கமான கடவுச்சொல்லை வைத்து உள்ளே போக முடியாது. தண்டர்பேர்டு கூகுளின் நுழைவுப் பக்கத்தையே திறந்து காட்டுவதால் பிரச்சினை இல்லை. மற்றவற்றுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 16 எழுத்துகள் கொண்ட தனிச் செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்க வேண்டும்.

200 அஞ்சல்கள் உள்ள சிறிய கோப்புறை ஒன்றை வைத்துச் சோதித்தேன். ஐந்து நிமிடங்களில் முடிந்தது. பெரிதாக மகிழ்ந்தேன்.

பிப்ரவரி 8

மகிழ்ச்சி ஒரு நாள்தான். என் பெட்டி மொத்தம் 6.8 ஜிபி. ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பிக்கு மேல் ஏற்ற கூகுள் அனுமதிப்பதில்லை. இறக்குவதற்கு 2,500 எம்பி. வகுத்துப் பாருங்கள், ஏற்றுவதற்கு மட்டும் 14 நாள். நேற்று மாலை திடீரென்று எல்லாம் நின்றுபோனதற்குக் காரணம் இதுதான். நான் என் இணைப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவே 3ஆம் தேதி எழுதிய "ஒரு சனி ஞாயிறு போதும்" என்பதை அடித்துவிடுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் தொடங்கலாம் என்று இருப்பவர்கள் தயவுசெய்து இன்றே தொடங்குங்கள்.

"எனக்கு 3 ஜிபிதான், புகைப்படங்கள் கொஞ்சம்தான் அனுப்பினேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மின்னஞ்சலில் இணைத்த கோப்பு அதன் உண்மையான அளவில் இருப்பதில்லை. எழுத்துகளை மட்டும் ஏற்றும் ஒரு பழைய வழியில் போவதற்காக ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாக மாற்றி எழுதப்படுகிறது. 9 எம்பி படம் பெட்டியில் 12 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் டிரைவும் புகைப்படங்களும் பங்கு கேட்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9

சோதனைக்கு நகலெடுத்த அந்த 200 அஞ்சல்களையும் புதுப் பெட்டியைக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். அத்தனையும் "பிப்ரவரி 7" என்று நிற்கின்றன. 2006இல் வந்ததும் பிப்ரவரி 7, 2019இல் வந்ததும் பிப்ரவரி 7. வயிறு கலங்கிவிட்டது.

பயப்பட வேண்டாம், காரணம் இருக்கிறது. ஒவ்வோர் அஞ்சலுக்கும் இரண்டு தேதிகள். ஒன்று, அனுப்பியவரின் செயலி அஞ்சலின் தலைப்பகுதியிலேயே எழுதிவைப்பது. அதை யாரும் தொடுவதில்லை. இன்னொன்று, பெட்டிக்கு வந்து சேர்ந்த நேரம் என்று சர்வர் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்வது. நகலெடுக்கும் கருவி இந்த இரண்டாவது தேதியைப் புதுச் சர்வருக்குச் சொல்லாமல் விட்டால், அது இன்றைய தேதியைப் போட்டுக்கொள்கிறது. சில செயலிகள் வந்த தேதியை வைத்து வரிசைப்படுத்தும், சில அனுப்பிய தேதியை வைத்து. அதனால்தான் ஒரே பெட்டி கணினியில் சரியாகவும் கைப்பேசியில் குழம்பியும் தெரிகிறது. கடிதம் கெட்டுப்போகவில்லை. வந்துசேர்ந்த முத்திரைதான் மாறிவிட்டது.

ஆனாலும் 18,000 அஞ்சல்களை இப்படிக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. ஐமேப்சிங்க் என்ற கருவிக்கு மாறினேன். இரண்டு சர்வர்களுக்கும் நடுவில் நின்று, வந்த தேதியையும் படித்தது படிக்காதது என்ற குறிகளையும் சேர்த்தே கொண்டுபோகிறது. பாதியில் நின்றால் மறுபடி ஓட்டலாம். ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததை அடையாளம் கண்டு விட்டுவிடும். கட்டளை வரியில் தட்ட வேண்டும் என்பதுதான் ஒரே சிரமம்.

பிப்ரவரி 12

நேற்றுப் பெரும் பதற்றம். என் இணைப்பின்கீழ் அக்காவுக்கும் ஒரு துணை முகவரி வாங்கிக் கொடுத்திருந்தேன். முதன்மைக் கணக்கு போனால் துணைக் கணக்குகளும் சேர்ந்தே போகும். அவளுக்குத் தனியாக அறிவிப்புகூட வரவில்லை. நான் சொன்னபோது, "அஞ்சல் எல்லாம் என் கைப்பேசியில்தான் இருக்கிறதே, பிறகு என்ன?" என்றாள். சொல்லிவிட்டு, சர்வரில் இருந்ததை உலாவி வழியாகப் போய் அழித்துவிட்டாள். எப்படியும் மூடப்போகிறார்கள், சுத்தம் செய்துவிடுவோம் என்று நினைத்திருக்கிறாள். அடுத்த நிமிடம் கைப்பேசியிலும் பெட்டி காலி. "தம்பி, எல்லாம் போய்விட்டதடா" என்று தொலைபேசியில் அழுதாள்.

குப்பைத் தொட்டிக் கோப்புறையில் எல்லாம் இருந்தன. மீட்டுவிட்டோம். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஐமேப்பில் உங்கள் கணினியும் கைப்பேசியும் காட்டுவது சர்வரின் பிம்பம். அங்கே இல்லாதது இங்கேயும் இருக்காது. சேவையை மூடும் முன் நிறுவனம் பெட்டிகளைக் காலி செய்தால், அன்று உங்கள் செயலியும் சமத்தாகத் தன்னிடம் உள்ளதைக் காலி செய்யும்.

தண்டர்பேர்டில் "உள்ளகக் கோப்புறைகள்" என்று இடப்பக்கம் கீழே ஒன்று இருக்கும். அங்கே நகலெடுத்தது மட்டும்தான் சர்வர் போனாலும் உங்கள் வட்டில் இருக்கும். அவுட்லுக்கில் ஐமேப் கணக்குக்காகத் தானே உருவாக்கிக்கொள்ளும் ஓஎஸ்டி கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு காப்புப் பிரதி இருக்கிறது என்று நம்பாதீர்கள். அது அந்தக் கணக்கோடு கட்டுண்டது. பிஎஸ்டி கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள்.

பிப்ரவரி 13

உள்ளகப் பிரதியை ஒரு யூஎஸ்பி வட்டில் போட்டு அக்காவிடம் கொடுத்து வைக்கலாம் என்று பார்த்தேன். உள்பெட்டிக் கோப்பு மட்டும் ஏற மறுத்தது. வட்டில் 50 ஜிபி காலியாக இருக்கிறது, கோப்போ 4.3 ஜிபிதான், ஆனாலும் இடமில்லை என்கிறது. தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு கோப்புறையின் அஞ்சல்கள் அனைத்தையும் ஒரே எம்பாக்ஸ் கோப்பில் அடுக்கி வைக்கிறது. அந்த வட்டு ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றியதும் ஏறியது. மாற்றினால் வட்டில் முன்பு இருந்தவை அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

பிப்ரவரி 17

ஒரு போலி அஞ்சல் சுற்றுகிறது. "உங்கள் பெட்டி 48 மணி நேரத்தில் மூடப்படும், அஞ்சல்களை மாற்ற இங்கே அழுத்தவும்" என்று. அழுத்தினால் நம் நிறுவனத்தின் நுழைவுப் பக்கம் போலவே ஒரு பக்கம், கடவுச்சொல்லைக் கேட்கிறது. மூடல் செய்தி வெளியே தெரிந்ததும் இந்தக் கூட்டம் கிளம்பிவிடும். நமக்கு வந்த உண்மையான அறிவிப்பே அஞ்சலில் வந்ததுதான் என்பதால் நம்பிவிடுகிறோம். எந்த அஞ்சலில் உள்ள இணைப்பையும் அழுத்தாதீர்கள். முகவரியை நீங்களே தட்டி நிறுவனத்தின் தளத்துக்குப் போங்கள்.

பிப்ரவரி 22

முதல் வேலை முடிந்தது என்று எழுத வந்தேன். எண்ணிக்கை இடிக்கிறது.

பழைய பெட்டியை உலாவியில் திறந்தால் மொத்தம் 19,265 என்று காட்டுகிறது. அதில் குப்பையும் வேண்டாத அஞ்சல்களும் 834. அவற்றை நானேதான் விட்டுவிட்டேன். மீதி 18,431 இருக்க வேண்டும். புதுப் பெட்டியில் 18,219. 212 அஞ்சல்களைக் காணவில்லை.

இரட்டைப் பிரதிகளைக் கருவி ஒன்றாக்கியிருக்கும் என்று ஒருவர் சொல்கிறார். இருக்கலாம். ஒவ்வோர் அஞ்சலுக்கும் தனி அடையாள எண் உண்டு; அதே எண்ணில் இரண்டு வந்தால் ஒன்றைத் தவிர்க்கலாம். ஆனால் 212 முறையா?

பிப்ரவரி 23

இரட்டைப் பிரதிகள் மொத்தமே 9. அவற்றையும் இரு பக்கமும் ஒரே மாதிரி எண்ணியிருக்கிறது. 212 அப்படியே நிற்கிறது.

மார்ச் 1

அதை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்றாவது வேலைக்கு வந்தேன். முகவரி மாற்றம். எழுதி வைத்த பட்டியல் என்னிடம் இல்லை. 25 ஆண்டுகளில் எங்கெல்லாம் இந்த முகவரியைக் கொடுத்தேன் என்று யாருக்குத் தெரியும்?

உலாவி சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களின் பட்டியலிலிருந்து தொடங்கினேன். 94 தளங்கள். பிறகு பழைய பெட்டியில் "கணக்கு", "உறுதிப்படுத்து", "ரசீது", "கடவுச்சொல்", "வரவேற்கிறோம்" ஆகிய சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடினேன். இன்னும் 60க்கு மேல் கிடைத்தன. அவற்றில் பாதி செத்துப்போன தளங்கள்.

வரிசை முக்கியம். முதலில் புதுப் பெட்டியின் மீட்பு முகவரியைப் பாருங்கள். நான் ஜிமெயில் கணக்கைத் திறந்த வேகத்தில், "கடவுச்சொல் மறந்தால் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்" என்ற இடத்தில் பழைய முகவரியைக் கொடுத்திருந்தேன். புது வீட்டுச் சாவியை இடிக்கப்போகும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான். அடுத்து வங்கி, அடையாள ஆவணங்கள், வரி, காப்பீடு, தொலைபேசி. அதன்பின் மற்றவை.

பெரும்பாலான தளங்கள் முகவரியை மாற்ற, பழைய முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் அஞ்சலை அனுப்புகின்றன. பெட்டி உயிரோடு இருக்கும்போது இது இரண்டு நிமிட வேலை. மூடிய பிறகு? அடையாளச் சான்று, படிவம், காத்திருப்பு. ஒரு தளத்தில் மின்னஞ்சல் முகவரிதான் பயனர் பெயரும். அதை மாற்றும் வசதியே அங்கு இல்லை. "பழைய முகவரியிலிருந்தே எங்களுக்கு எழுதுங்கள்" என்றார்கள். எழுதிச் சில நாட்கள் கழித்துத்தான் மாற்றினார்கள். மே மாதம் கேட்டிருந்தால் எங்கிருந்து எழுதியிருப்பேன்?

மார்ச் 6

பிப்ரவரி 3ஆம் தேதி திருப்பிவிடுவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். இப்போது வேறுவிதமாகத் தோன்றுகிறது. தீர்வாக அது உதவாது, துப்பறிய உதவும். பழைய பெட்டிக்கு வருவதைப் புதுப் பெட்டிக்குத் திருப்பிவிட்டு, பழைய முகவரிக்கு என்று எழுதியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் "இன்னும் மாற்றவில்லை" என்று குறி விழும்படி ஒரு வடிகட்டி போட்டேன். தினமும் காலையில் அந்தக் குறியைத் திறந்தால் இன்னும் யாருக்குச் சொல்லவில்லை என்று தெரிந்துவிடும். ஆறு நாட்களில் 31 பேர் சிக்கினார்கள்.

ஒரு குறை. திருப்பிவிட்டவற்றில் சில வேண்டாத அஞ்சல்களுக்குள் போய் விழுகின்றன. அனுப்பும் டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது) பெயரில் எந்தச் சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்று எஸ்பிஎஃப் என்ற பதிவில் எழுதியிருக்கும். திருப்பிவிடும்போது, வங்கி எழுதிய அஞ்சல் என்றால், அது வங்கியின் சர்வரிலிருந்து வராமல் நம் பழைய நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. புதுப் பெட்டி அதைச் சந்தேகிப்பதில் தவறில்லை. அந்தக் கோப்புறையையும் தினமும் பாருங்கள்.

மார்ச் 7

"மூன்று மாதம் திருப்பிவிட்டால் எல்லாரும் சிக்கிவிடுவார்களா" என்ற கேள்விக்கு: மாட்டார்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். காப்பீட்டுத் தவணை, டொமைன் புதுப்பிப்பு, வரிக் கணக்கு, ஏதோ ஒரு சந்தா. பழைய பெட்டியில் கடந்த 13 மாத அஞ்சல்களை அனுப்பியவர் பெயர் வாரியாக அடுக்கி, ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். இரண்டு மாலைகள் ஆயின. செப்டம்பரில் மட்டும் தலைகாட்டும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தை அப்படித்தான் பிடித்தேன். இதைத் தவிர்க்கக் குறுக்கு வழி ஏதும் எனக்குத் தென்படவில்லை.

மார்ச் 15

ஏன் மூடுகிறார்கள் என்ற பேச்சு ஓடுகிறது. 1990களில் இணைப்பு வாங்கினால் முகவரியும் சேர்ந்து வரும். அந்த முகவரிக்காகவே வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போகமாட்டார். 1996இல் ஹாட்மெயில் வந்தது, 2004இல் ஒரு ஜிபி இடத்தோடு ஜிமெயில் வந்தது. அதன்பின் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. வேண்டாத அஞ்சல்களை வடிகட்டும் செலவும் பாதுகாப்புச் சுமையும் மட்டும் மிஞ்சின. 2017இல் அமெரிக்காவில் வெரைசன் தன் அஞ்சல் சேவையைக் கைவிட்டு, முகவரியை வைத்துக்கொள்ள விரும்பியவர்களை ஏஓஎல் பக்கம் அனுப்பியது. அதே ஆண்டு நவம்பரில் நியூசிலாந்தில் வோடஃபோன் தன் சேவையை மூடியது. 2024இல் காக்ஸ் தன் பெட்டிகளை யாஹூவிடம் ஒப்படைத்தது.

நிறுவனத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. கோபம் வேறிடத்தில். ஒருவர் 25 ஆண்டுகள் தன் பெயராகச் சொல்லிவந்த முகவரியை எடுக்கும்போது மூன்று மாத அவகாசம் போதாது. ஆண்டுக்கொரு முறை வரும் கடிதம்கூட ஒரு தடவை வந்து போகும்படி, குறைந்தது 12 மாதமாவது திருப்பிவிடும் வசதியைத் தர வேண்டும். இதை நிறுவனத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

மார்ச் 16

"செத்த தளங்களின் கணக்குகளையும் பழைய முகவரியில் விட்டால் என்ன கெட்டுவிடும்" என்று கேட்டவருக்கு. கைவிட்ட முகவரி இன்னொருவர் கைக்குப் போகலாம். 2013இல் யாஹூ பயன்படுத்தாத பெயர்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தது; புதிதாக வாங்கியவர்களுக்குப் பழையவர்களின் சொந்த அஞ்சல்கள் வந்து விழுந்தன. "இந்தப் பெட்டி இந்தத் தேதியிலிருந்து அதே ஆளிடம் இருந்தால் மட்டும் கொடு" என்று அஞ்சலிலேயே குறிப்பிடும் ஒரு முறை அதன்பிறகு பிறந்தது. 2014இல் ஆர்எஃப்சி 7293 என்ற இணையத் தரநிலை ஆவணமாகப் பதிவானது. ஆனால் உங்களுக்கு எழுதும் எல்லாத் தளங்களும் அதைச் செய்யும் என்று நம்பியிருக்க முடியாது. நிறுவனம் அந்த டொமைனையே புதுப்பிக்காமல் விட்டால், காசு கொடுக்கிற யாரும் அதை வாங்கலாம். வாங்கியவர் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் போதும். மூட முடிந்த கணக்குகளை மூடுங்கள்.

மார்ச் 21

முடிவை மாற்றிவிட்டேன். ஜிமெயில் முகவரியை எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கிய பிறகு ஒரு மாலை உட்கார்ந்து யோசித்தேன். இதே வேலையை இன்னும் 20 ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனத்துக்காகச் செய்யப்போகிறேனா? சொந்தமாக ஒரு டொமைன் வாங்கினேன். முகவரி அதில் இருக்கும். பெட்டியை யாரிடம் வேண்டுமானாலும் வைக்கலாம். பிடிக்காவிட்டால் டொமைனின் எம்எக்ஸ் பதிவை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் அஞ்சல் அங்கே போகும். எழுதுகிறவர்களுக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை.

அதற்கு இரண்டு கடமைகள் உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்கக் கூடாது. டொமைனைப் பதிவு செய்த நிறுவனத்திடம் தொடர்பு முகவரியாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்கக் கூடாது. டொமைன் நின்றுபோனால் அந்தச் செய்தியும் வந்து சேராது.

ஆம், 40 தளங்களில் மறுபடியும் முகவரி மாற்ற வேண்டியிருந்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டும். இன்னும் தொடங்காதவர்கள் இந்தக் குறிப்பை முதல் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா டொமைன் எதுவும் வேண்டாம் என்றாள். அவளுக்கு ஜிமெயில். அவள் எழுதுவது 20 பேருக்கு. அவர்களுக்கெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டாள். அது சரிதான்.

ஏப்ரல் 2

தொடர்புகள்! மறந்தே போயிற்று. ஐமேப் அஞ்சல்களை மட்டும்தான் கொண்டுவரும். முகவரிப் புத்தகம், நாட்காட்டி, வடிகட்டி விதிகள் எதுவும் வராது. உலாவியில் திறந்து தொடர்புகளை விகார்டு கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். நாட்காட்டி இருந்தால் ஐசிஎஸ்.

ஏப்ரல் 11

212ஐ விடமுடியவில்லை. ஒவ்வொரு கோப்புறையையும் உலாவியிலும் தண்டர்பேர்டிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எண்ணினேன். எல்லாம் பொருந்துகின்றன. எல்லாம் பொருந்தினால் கூட்டுத்தொகை எப்படி இடிக்கும்?

ஏப்ரல் 12

கிடைத்துவிட்டது!

ஐமேப்பில் கோப்புறைகளுக்குச் சந்தா என்று ஒன்று உண்டு. சர்வரில் இருக்கிற எல்லாக் கோப்புறைகளையும் செயலி காட்டுவதில்லை. நாம் சந்தா செய்தவற்றை மட்டும் காட்டும். தண்டர்பேர்டில் கணக்கின் மேல் வலது பொத்தானை அழுத்தி "சந்தா" என்பதைத் திறந்தால் முழுப் பட்டியல் வரும். அதில் டிக் இல்லாமல் ஒரு கோப்புறை இருந்தது. ஐமேப்சிங்க்கையும் சந்தா செய்தவற்றை மட்டும் எடுக்கும்படி நானேதான் ஓட்டியிருந்தேன். உலாவியிலும் அது நேராகத் தெரியாது. 2003க்கு முந்தைய ஏதோ ஓர் இடைமுகத்தில் உருவாக்கி, இன்னொரு கோப்புறைக்குள் இரண்டடுக்கு ஆழத்தில் போட்டிருக்கிறேன். மொத்த எண்ணிக்கையில் மட்டும் அது சேர்ந்திருக்கிறது.

டிக் போட்டுத் திறந்தேன். 212 அஞ்சல்கள். ஒரே ஆள் எழுதியவை. பெரியப்பா.

திறந்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. ஐரோப்பிய எழுத்துகளும் கோடுகளும் புள்ளிகளும் கலந்து கிடக்கின்றன.

ஏப்ரல் 13

யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழில் அஞ்சல் எழுதியவர்களுக்கு நினைவிருக்கும். பெரியப்பா திஸ்கியில், அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் பழைய தமிழ்க் குறியாக்கம் ஒன்றில், எழுதினார். அதற்கென்று ஓர் எழுத்துரு நிறுவச் சொல்லி அவர்தான் எனக்குப் படிப்படியாக எழுதி அனுப்பினார். திஸ்கியில் ஒவ்வொரு தமிழ் வடிவமும் ஒரு பைட்டில் உட்காரும். எந்தக் குறியாக்கம் என்று அஞ்சலின் தலைப்பகுதியில் சரியாகச் சொல்லாததால், இன்றைய செயலி அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. பைட்டுகள் அப்படியே பத்திரமாக இருக்கின்றன. காட்டுவதுதான் தப்பு.

இப்படிப்பட்ட அஞ்சல் உங்களிடமும் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். திரையில் தெரியும் குப்பையை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டாதீர்கள். ஒட்டும்போது சில பைட்டுகள் தொலையும், பிறகு மீட்க முடியாது. அஞ்சலை அப்படியே இஎம்எல் கோப்பாகச் சேமியுங்கள். பார்க்கக் குப்பையாக இருக்கிறது என்று அழித்துவிடவும் வேண்டாம்.

ஏப்ரல் 14

லினக்ஸில் ஐகான்வ் என்று ஒரு சிறிய கருவி உண்டு, குறியாக்கம் மாற்றுவதற்கு. அது திஸ்கியை அறியும். ஒரு கோப்பைக் கொடுத்து யூடிஎஃப்-8க்கு மாற்றச் சொன்னேன். சில அஞ்சல்களின் உள்ளடக்கம் கூடுதலாக இன்னொரு குறியாக்கத்தில் சுற்றப்பட்டிருந்தது. முதலில் அதைப் பிரித்து, பிறகு மாற்ற வேண்டும்.

முதலில் வந்தது 2001 நவம்பர் கடிதம். "எழுத்துரு சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல். தெரிந்தால்தான் மற்ற விஷயத்தை எழுதுவேன்."

அதற்கு நான் என்ன பதில் போட்டேன் என்று தெரியவில்லை. அன்று நான் அனுப்பியவை என் கணினியில்தான் இருந்தன, அந்தக் கணினி என்றோ போய்விட்டது. ஆனால் அடுத்த நாளே அவருடைய இரண்டாவது கடிதம் இருக்கிறது, நீளமாக. ஆக, தெரிகிறது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 30, இரவு

பிப்ரவரி 22 வரை வந்தவை 18,431. இரு பக்கமும். உள்ளகப் பிரதி ஒன்று, வட்டில் ஒன்று, புதுப் பெட்டியில் ஒன்று. ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் மூன்று அஞ்சல்களைத் திறந்து, இணைத்த கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டேன்.

"இன்னும் மாற்றவில்லை" குறியில் இன்று ஒன்றுதான்: ஒரு செய்தி மடல். விலகிவிட்டேன்.

மே 1

காலை ஆறு மணிக்கே முயன்றேன். உள்ளே விட்டது. பத்து மணிக்கும் விட்டது. மதியம் இரண்டரைக்குக் கடவுச்சொல் தவறு என்றது. செயலியிலிருந்து கணக்கை நீக்கும்போது, உள்ளகக் கோப்புறைகள் தனியாக இருக்கின்றனவா என்று மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு நீக்கினேன்.

பெரியப்பாவின் 212 கடிதங்களையும் யூனிகோடில் மாற்றி, தேதி வரிசையில் ஒரே கோப்பாக்கி அக்காவுக்கு அனுப்பினேன். மூலக் கோப்புகளையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன். இரவு தொலைபேசியில் அழைத்தாள். 2002 மார்ச் வரை படித்திருக்கிறாள்.